டப்ளின்காரன் தொப்பியில் நம்ம ஊர் யானை

இந்த எபிசோடுக்காக என் மேஜை மேல ஒரு சின்ன உலோகத் துண்டை வெச்சிருக்கேன். உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். தீ கக்குற ஒரு கிரனேடு, அதாவது பழைய காலத்துக் கையெறி குண்டு. அதோட ஒரு புலி, புலிக்குக் கீழ ஒரு யானை. அடியில ஓடுற பட்டையில "ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்"னு எழுதியிருக்கு.

இது பிரிட்டிஷ் ராணுவத்தோட கேப் பேட்ஜ். சிப்பாய் தன் தொப்பியில குத்திக்கிற சின்னம். முதல் தடவை பார்த்தப்போ எனக்கு ஒரே கேள்விதான்: டப்ளின் அயர்லாந்துல இருக்கு, அங்க புலி ஏது? யானை ஏது?

அதுக்குப் பதில் தேடிப் போனப்போ வந்தவாசி வந்தது, சோளிங்கர் வந்தது, கடைசியில சென்னை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துடுச்சு. அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். அதோட, இந்த மாதிரி பேட்ஜ் ஒண்ணு கையில கிடைச்சா அதை எப்படிப் படிக்கிறதுன்னும் பார்க்கலாம்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். 1881-க்கு முன்னாடி பிரிட்டிஷ் காலாட்படை ரெஜிமென்டுகளுக்கு நம்பர்தான் முக்கியம். 17-வது, 28-வது, 102-வது, இப்படி 109 வரைக்கும் போகும். தொப்பியிலயும் அந்த நம்பர்தான் இருக்கும். 1881-ல போர்த்துறை அமைச்சரா இருந்த சில்டர்ஸ் இதை மாத்தினார். பெரும்பாலும் ரெண்டு ரெண்டு ரெஜிமென்டா சேர்த்து, ஒரு மாவட்டத்தோட பேரையோ ஊர் பேரையோ வெச்சார். நம்பர் போச்சு. நம்பரை உயிரா நினைச்சவங்களுக்கு அது பெரிய வருத்தம். அதனால, ரெண்டு பழைய ரெஜிமென்டுகளும் தங்களுக்குன்னு வெச்சிருந்த அடையாளங்களைப் புதுச் சின்னத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. ஒரு பேட்ஜ்ல இவ்வளவு விஷயம் திணிச்சிருக்கிறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அதனால சேகரிக்கிறவங்க ஒரு பேட்ஜை எடுத்தா, ஒரு வாக்கியத்தைப் படிக்கிற மாதிரி பகுதி பகுதியா படிப்பாங்க.

முதல்ல கிரீடம் இருக்கான்னு பார்க்கணும். இருந்தா காலம் ஓரளவு தெரிஞ்சிடும். 1901-லேர்ந்து 1952 வரைக்கும் ராஜாக்கள் காலம். அப்போ டியூடர் கிரீடம், மேல வளைவு உருண்டையா தூக்கி நிக்கும். ராணி எலிசபெத் வந்தப்புறம் வேற கிரீடம், அதோட வளைவு நடுவுல பள்ளமா இறங்கும். 2022-ல சார்லஸ் திரும்பவும் டியூடர் கிரீடத்தையே எடுத்துக்கிட்டார். அதனால இனிமே உருண்டைக் கிரீடத்தைப் பார்த்ததும் "ஆஹா, உலகப் போர் காலம்"னு குதிக்க முடியாது. போன வருஷம் செஞ்சதாவும் இருக்கலாம்.

ரெண்டாவது, நடுவுல என்ன உருவம்னு பார்க்கணும். கிரனேடு இருந்தா பெரும்பாலும் ஃபியூசிலியர் படை. ஊதுகொம்பு இருந்தா லைட் இன்ஃபன்ட்ரி, இல்லன்னா ரைஃபிள் படை. யாழ் இருந்தா அயர்லாந்து. எகிப்து ஸ்ஃபிங்ஸ் இருந்தா, 1801-ல நெப்போலியன் விட்டுட்டுப் போன பிரெஞ்சுப் படையை எகிப்துல எதிர்த்த ரெஜிமென்ட். அதுல குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட் மட்டும் தொப்பிக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒரு குட்டி ஸ்ஃபிங்ஸ்னு ரெண்டு சின்னம் வெச்சுப்பாங்க. அலெக்ஸாண்ட்ரியாவுல முன்னாலயும் பின்னாலயும் ஒரே நேரத்துல எதிரி வந்தப்போ, முதுகோட முதுகு சேர்த்து நின்னு சண்டை போட்டதுக்கு ஞாபகமா.

அடுத்து நம்ம மிருகங்கள். புலி இருந்தா இந்தியா. ஆனா எந்தப் புலின்னு பார்க்கணும். தனிப் புலி, மேல "ஹிந்துஸ்தான்"னு எழுத்து இருந்தா லெஸ்டர்ஷயர். புலிக்குக் கீழ ரோஜா இருந்தா ஹாம்ப்ஷயர். ரோஜா மேல இருந்தா யார்க் அண்ட் லங்காஸ்டர். கிரனேடு மேலயே புலி நின்னா மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ், அதுவும் அயர்லாந்துதான். யானையும் "அசாயே"ங்கிற பேரும் இருந்தா, 1803-ல இன்னைய மகாராஷ்டிராவுல மராட்டியர்களோட நடந்த போர். ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி பேட்ஜோட அடியில அந்த யானையைப் பார்க்கலாம்.

இதைக் கேட்க ஜாலியா இருக்கும், ஒரு மிருகக்காட்சிசாலை மாதிரி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனா கொஞ்சம் நின்னு யோசிச்சா, இதுல ஒவ்வொரு மிருகமும் ஒரு ரசீது. "இந்த ஊரை நாங்க ஜெயிச்சோம்"னு அரசாங்கம் கொடுத்த ரசீது. அதைத் தலையில குத்திக்கிட்டுச் சுத்தினாங்க.

இப்போ என் மேஜை மேல இருக்கிற ரசீதுக்கு வருவோம்.

ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் 1881-ல உருவானது. எந்த ரெண்டைச் சேர்த்து? 102-வது ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ், 103-வது ராயல் பம்பாய் ஃபியூசிலியர்ஸ். ரெண்டுமே அதுக்கு முன்னாடி பிரிட்டிஷ் அரசாங்கத்தோட படையே கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனி சம்பளம் கொடுத்து வெச்சிருந்த வெள்ளைக்காரப் படைகள். மெட்ராஸ் படையோட வேர் 1740-கள்ல, சோழமண்டலக் கரையில இருந்த கம்பெனிக் கோட்டைகள்ல இருக்கு. 1748-ல வந்த ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ்ங்கிற அதிகாரிதான் அங்கங்க சிதறிக் கிடந்த ஆட்களை ஒழுங்கான படையா ஆக்கினவர். 1857-க்கு அப்புறம் கம்பெனியைக் கலைச்சு, ஆட்சியை ராணி எடுத்துக்கிட்டாங்க. கம்பெனியோட வெள்ளைக்காரச் சிப்பாய்களும் ராணியோட படைக்கு மாறினாங்க. அப்படி வந்த நம்பர்தான் 102.

சரி, டப்ளின் எப்படி வந்தது? கம்பெனிப் படையில சேர்ந்த வெள்ளைக்காரங்கள்ல பெரும் பகுதி ஏழை ஐரிஷ்காரங்க. 1881-ல இந்தப் படைக்கு ஒரு ஊர் கொடுக்கணும்னு வந்தப்போ டப்ளினைக் கொடுத்தாங்க. ஒரு கையெழுத்துல மெட்ராஸ் படை டப்ளின் படை ஆச்சு. ஆனா பழைய வெற்றிப் பட்டியலை விடல. அந்தப் பட்டியலைப் படிச்சா ஒரு பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி இருக்கும்: ஆற்காடு, வந்தவாசி, பாண்டிச்சேரி, சோளிங்கர். டப்ளின் ரெஜிமென்டோட போர்ப் பெருமைகள் இதெல்லாம்.

வந்தவாசியில ஒரு வேடிக்கை. 1760 ஜனவரியில நடந்த அந்தப் போர்ல ஆங்கிலேயப் படைக்குத் தலைமை ஐர் கூட். அவர் அயர்லாந்துல லிமெரிக் பக்கம் பிறந்தவர். பிரெஞ்சுப் படைக்குத் தலைமை லாலி. அவரோட அப்பா அயர்லாந்துல இருந்து பிரான்ஸுக்கு ஓடிப்போனவர். அதாவது இந்தியா யாருக்குன்னு முடிவு பண்ற சண்டையில, நம்ம வந்தவாசி வெளியில, ரெண்டு பக்கமும் தலைவன் ஐரிஷ் ரத்தம்.

இப்போ யானை. டப்ளின் ஃபியூசிலியர்ஸுக்குக் கொடுத்த விருதுப்படி, புலிக்கு "பிளாசி, பக்ஸார்". யானைக்கு "கர்னாடிக், மைசூர்". கர்னாடிக்னா இன்னைய கர்நாடக மாநிலம் இல்ல. ஆற்காடு நவாபோட சீமை. இன்னைய வட தமிழ்நாடும் ஆந்திராவோட தென்பகுதியும் அதுல பெரும்பகுதி. அந்தப் பேர்ல கொடுத்த விருது, 1780-லேர்ந்து 84 வரைக்கும் ஹைதர் அலியோட நடந்த போருக்காக. சோளிங்கர் போர் அதுல ஒண்ணு, 1781 செப்டம்பர். அங்கேயும் ஜெயிச்சது அதே ஐர் கூட்தான்.

அந்தப் போர் இந்த மண்ணுல எப்படி இருந்தது? ஹைதரோட குதிரைப்படை கிராமம் கிராமமா எரிச்சுக்கிட்டு வந்தது. எதிரிக்குத் தீனி கிடைக்கக் கூடாதுங்கிறது போர்த் தந்திரம். விளைச்சல் போச்சு. ஜனங்க மெட்ராஸை நோக்கி ஓடி வந்தாங்க. நகரத்துல பஞ்சம். 1782-ல பசியோட வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்த ஒரு இடம் திறந்தாங்க. அதுதான் மணியக்காரர் சத்திரம். அந்தக் கஞ்சித்தொட்டியைச் சுத்தித்தான் பின்னாடி வைத்தியசாலை வளர்ந்து, இன்னைக்கு ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியா நிக்குது. வட சென்னையில பெரியவங்க இன்னமும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுவாங்க.

இதை நான் ஒட்டிப் பார்த்தப்போ கொஞ்ச நேரம் பேச்சே வரல. ஒரே போர். ஒரு பக்கம் அது ஒரு யானை ஆகி, டப்ளின்ல ஒருத்தன் தொப்பியில ஏறிடுச்சு. இன்னொரு பக்கம் அது ஒரு ஆஸ்பத்திரியோட செல்லப்பேரா வட சென்னை வாயில தங்கிடுச்சு. பேட்ஜ்ல யானைக்கு இடம் இருந்தது. கஞ்சிக்கு இடம் இல்ல.

இன்னும் ஒண்ணு சொல்லணும். இந்தச் சண்டைகள்ல வெள்ளைக்காரங்க மட்டும் நிக்கல. 1751-ல ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக்குக் கிளம்பினப்போ கூட வந்தது 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள். சிப்பாய்கள்னா இந்த மண்ணு ஆளுங்க. கம்பெனியோட மெட்ராஸ் படையில பெரும்பான்மை எப்பவுமே அவங்கதான். இன்னைக்கும் குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல இருக்கிற நம்ம இந்திய ராணுவத்தோட மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னத்துல ஒரு யானை இருக்கு, அதே அசாயே யானை. அதனால, "அவன் ஜெயிச்சான், நாம தோத்தோம்"னு ஒரே வரியில சொல்லிட்டுப் போக முடியாது. நாமளும் அந்தத் தொப்பிக்குக் கீழ இருந்திருக்கோம்.

தொப்பின்னதும் இன்னொரு கதை. இதே மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸுக்கு 1857-ல "நீலத் தொப்பிகள்"னு பட்டப்பேர் வந்தது. தொப்பி மேல நீலத்துணி உறை போட்டிருந்தாங்க. அவங்களோட தளபதி ஜேம்ஸ் நீல். அலகாபாத்ல கிராமங்களை எரிச்சு, கண்ணுல பட்டவங்களைத் தூக்குல போட்டது அவரோட படை. கான்பூர்ல பிரிட்டிஷ் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டுல, பிடிபட்டவங்களை ரத்தக்கறையை நக்க வெச்சு, அப்புறம் தூக்குல போட்டார். அந்த வருஷம் செப்டம்பர்ல லக்னோவில சுடப்பட்டு செத்தார். அவருக்குச் சில வருஷத்துலேயே மவுண்ட் ரோட்ல சிலை வெச்சாங்க. 1927-ல அந்தச் சிலையை எடுக்கச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்து, ஆட்கள் சுத்தியலோட போய் ஜெயிலுக்குப் போனாங்க. 1937-ல ராஜாஜி மந்திரிசபை வந்தப்புறம்தான் சிலையை எடுத்து எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பினாங்க. டப்ளின் ஃபியூசிலியர்ஸோட முதல் பட்டாலியன் கடைசி வரைக்கும் தன்னை "நீலின் நீலத் தொப்பிகள்"னுதான் சொல்லிக்கிட்டது.

1914-ல உலகப் போர் ஆரம்பிச்சப்போ அந்த முதல் பட்டாலியன் எங்க இருந்தது தெரியுமா? மெட்ராஸ்ல. எம்டன் கப்பல் வந்து நம்ம ஊர் எண்ணெய் டேங்குகள் மேல குண்டு போட்ட அதே வருஷம். அங்கிருந்து இங்கிலாந்து, அங்கிருந்து துருக்கியில கலிப்பொலி. 1915 ஏப்ரல் 25 காலையில, திறந்த படகுகள்ல கரைக்குப் போனவங்களை மேட்டுல இருந்த துப்பாக்கிகள் அப்படியே அடிச்சுத் தள்ளிடுச்சு. கூட வந்த மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸுக்கும் அதே கதி. மிச்சம் இருந்தவங்க ரொம்பக் குறைவு. ரெண்டையும் தற்காலிகமா ஒண்ணாக்கி, "டப்ஸ்டர்ஸ்"னு கூப்பிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. அவங்க ரெஜிமென்ட் சின்னத்துல ஆற்காட்டு யானை. செத்தது டப்ளின் தெருப் பையன்கள்.

அடுத்த வருஷம் ஏப்ரல்ல இன்னும் கொடுமை. டப்ளின்ல சுதந்திரத்துக்காக ஈஸ்டர் எழுச்சி. அதை அடக்க அனுப்பின படைகள்ல டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆட்களும் இருந்தாங்க. அதே வாரம் பிரான்ஸ்ல ஹுல்லுக்ங்கிற இடத்துல, இதே ரெஜிமென்டோட பசங்க ஜெர்மன் விஷவாயுவுல மூச்சுத் திணறி செத்தாங்க. அந்தப் போர் முடியறதுக்குள்ள 4,700-க்கும் அதிகமான டப்ளின் ஃபியூசிலியர்ஸ் இறந்துட்டாங்க.

1922-ல தென் அயர்லாந்து தனி நாடாச்சு. அங்கிருந்து ஆள் எடுத்த அஞ்சு காலாட்படை ரெஜிமென்டுகளைக் கலைச்சாங்க. ஜூன் 12-ஆம் தேதி விண்ட்சர் கோட்டையில அவங்களோட கொடிகளை ராஜாகிட்ட ஒப்படைச்சாங்க. டப்ளின் ஃபியூசிலியர்ஸ் கதை அங்க முடிஞ்சது. ஊர் திரும்பினவங்களுக்கு மேளதாளம் எல்லாம் கிடையாது. அவங்க போனப்போ இருந்த ஊர் வேற, வந்தப்போ இருந்த ஊர் வேற. அந்த ரெஜிமென்ட்ல போயர் போர்ல செத்தவங்களுக்காக 1907-ல டப்ளின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவுல வளைவு கட்டியிருந்தாங்க. அதுக்கு தேசியவாதிகள் வெச்ச பேர் "துரோகிகள் வாசல்". அது இன்னைக்கும் அங்கேயே நிக்குது. மெட்ராஸ்ல நீல் சிலை இடம் மாறிடுச்சு. ஒரே ரெஜிமென்ட், ரெண்டு ஊரு, ரெண்டு ஊருக்கும் அது ஒரு சங்கடம்.

இப்போ ஒரு உண்மையைச் சொல்லிடறேன். என் மேஜை மேல இருக்கிற இந்த பேட்ஜ் போலி.

ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வாங்கினேன். முன்பக்கப் படம் மட்டும்தான் போட்டிருந்தார். நானும் கேட்கல. யானையைப் பார்த்த சந்தோஷத்துல பணத்தைக் கட்டிட்டேன். பார்சல் வந்து திருப்பிப் பார்த்தப்போதான் புரிஞ்சது. நான் ஏமாந்தது உங்களுக்காவது உபயோகப்படட்டும்.

அசல் பேட்ஜ் அச்சுல அடிச்சது. தகட்டை வெச்சு மேலிருந்து அழுத்துவாங்க. அதனால முன்னாடி புலி மேடா இருந்தா, பின்னாடி அதே புலி குழியா தெரியணும். என்னுடையதுல பின்பக்கம் மொழுமொழுன்னு தட்டையா இருந்தது, அங்கங்க ஊசி முனை அளவு ஓட்டைகள். அது வார்ப்பு. அசல் ஒண்ணை மண்ணுலயோ ரப்பர்லயோ அச்செடுத்து, உலோகத்தை உருக்கி ஊத்தினது. உருக்கி ஊத்தினது ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால அளவும் அசலைவிடச் சின்னதா இருக்கும். புலியோட முகம், எழுத்தோட ஓரம் எல்லாம் சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கி இருக்கும்.

அடுத்து, மாட்டுற பாகம். பழைய பேட்ஜ்கள்ல பின்னாடி ரெண்டு வளையம் இருக்கும். 1900-களோட தொடக்கத்துல இருந்து, தொப்பித் துணியில செருகுற மாதிரி நீளமான ஒரு பட்டையும் வந்தது. அது சும்மா ஒட்ட வெச்ச மாதிரி புத்தம் புதுசா பளபளத்தா சந்தேகப்படணும். பிரபலமான பர்மிங்காம் தயாரிப்பாளர் பேர் குத்தியிருக்குன்னு நம்பிடவும் கூடாது. பேரையும் போலியா குத்தலாம்.

உலோகமும் காலத்தைச் சொல்லும். ரெண்டு நிறத்துல, பித்தளையும் வெள்ளை உலோகமுமா செஞ்ச பேட்ஜ்களை, 1916-ல நிக்கல் தட்டுப்பாடு வந்ததும் முழுப் பித்தளையிலேயே அடிச்சாங்க. ரெண்டாம் உலகப் போர்ல உலோகமே மிச்சம் பண்ணணும்னு பிளாஸ்டிக்ல செஞ்சாங்க. அதைப் பார்த்துப் பொம்மைன்னு தூக்கிப் போட்டவங்க உண்டு. அது அசல்.

போலிகள் எங்க அதிகம் தெரியுமா? சோகம் அதிகமா இருக்கிற இடத்துல. கலைக்கப்பட்ட ஐரிஷ் ரெஜிமென்டுகள், கலிப்பொலி மாதிரி பேர் பெற்ற களங்கள். அந்த பேட்ஜுக்கு விலை ஏறும், விலை ஏறினா நகலும் பெருகும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கப் படம் கேளுங்க. கொடுக்க மாட்டேன்னா விட்டுடுங்க.

இதைச் சேகரிக்கிறது சரியா தப்பான்னு சில நண்பர்கள் கேட்டாங்க. நம்மளை அடிச்சவன் சின்னத்தைக் காசு கொடுத்து வாங்கி வெச்சுக்கணுமான்னு. நியாயமான கேள்விதான். பளபளன்னு துடைச்சு, வெல்வெட்ல வெச்சு, வீரம்னு மட்டும் பேசினா எனக்கும் பிடிக்காது. ஆனா பூட்டின பெட்டியில கிடந்தா, அந்த யானை யாருன்னு யாருமே கேட்க மாட்டாங்க. நான் கேட்டதாலதான், தினமும் பஸ்ல கடந்து போன ஒரு ஆஸ்பத்திரியோட பேர் எங்கிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரிஞ்சது.

போலியைத் திருப்பி அனுப்பல. ஒரு சின்னத் துண்டுச் சீட்டு எழுதி அதோட வெச்சிருக்கேன்: "நகல். டப்ளின், 1881–1922. யானை: கர்னாடிக். கஞ்சித்தொட்டி பார்க்கவும்."

உங்க வீட்டுல தாத்தா பெட்டியில இந்த மாதிரி ஏதாவது பேட்ஜ் இருந்தா, முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து அனுப்புங்க. சேர்ந்து படிச்சுப் பார்க்கலாம். தயவுசெஞ்சு பாலிஷ் மட்டும் போடாதீங்க, எழுத்து தேஞ்சு போயிடும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.